பழைய வீட்டுக் கணினிக்கு எது: விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்டா?

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன. தலவாக்கலை, அட்டன் பக்கம் வீடுகளில் நான் பார்க்கும் கணினிகள் அநேகமாகக் கொழும்பு ஒபிசுகளில் சில வருடம் ஓடிவிட்டு, செகண்ட் ஹேண்டாக மலை ஏறி வந்தவை. நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், அதோடு பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல். இதனால் "இனி இந்தப் பெட்டியை என்ன செய்வது?" என்று பலரும் கேட்கிறார்கள். என் வீட்டுப் பெட்டியும் நாலாம் தலைமுறைதான், 8 ஜிபி ரெம். அதில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மற்ற வழிகள். காசு இருந்தால் புதுக் கணினி வாங்கலாம், அதில் பேச ஒன்றுமில்லை. விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால், மைக்ரோசொப்ட் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டித் தருகிறது. 30 டொலர் கட்டலாம், அல்லது கணினியின் அமைப்புகளை அவர்களுடைய இணையச் சேமிப்பில் (கிளவுட்) வைக்கச் சம்மதித்தால் காசு இல்லாமலும் கிடைக்கும். ஆனால் எந்த வழியில் போனாலும் மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்றைக் கணினியோடு இணைத்தே ஆகவேண்டும். கொஞ்சக் காலம் வாங்கித் தரும் வழி இது, அதற்கு மேல் இல்லை. அப்டேட்டே இல்லாமல் விண்டோஸ் 10-ல் இணையத்துக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், பேங்க் அலுவல் பார்க்கிற கணினி என்றால் நிச்சயமாக வேண்டாம்.

அடுத்தது, நம் ஊர்களில் அதிகம் நடப்பது: கடையில் கொடுத்து விண்டோஸ் 11 "அடித்து" எடுப்பது. சிப் சோதனையைத் தாண்டி நிறுவிவிட்டு, உரிமம் வாங்கியதுபோல் விண்டோஸை நம்பவைக்கும் அக்டிவேட்டர் என்ற ஒரு நிரலை ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த அக்டிவேட்டர் என்ன செய்கிறது என்று வீட்டுக்காரருக்கு யாரும் விளக்குவதில்லை. இவற்றில் பல ஏமாற்றப் பயன்படுத்துவது கேஎம்எஸ் என்ற உரிமம் சரிபார்க்கும் முறையை, அது பெரிய நிறுவனங்களுக்காக உண்டாக்கியது. நிறுவனம் தனக்குள் ஒரு சேர்வர் வைத்திருக்கும், அங்குள்ள கணினிகள் 180 நாளுக்குள் ஒருமுறையாவது அதனிடம் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அக்டிவேட்டர்களில் பல, உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலிச் சேர்வரை ஓட்டும், அல்லது முகம் தெரியாத யாரோ வைத்திருக்கும் சேர்வரை நோக்கி உங்கள் கணினியைத் திருப்பிவிடும். அதை ஓட்டுவதற்கு முன் அன்டிவைரசை நிறுத்தச் சொல்வார்கள், நிர்வாகி அனுமதியும் கேட்கும். கணினியின் முழுச் சாவியையும் யார் எழுதியது என்று தெரியாத ஒரு கோப்பிடம் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு பிரவுசரில் என்ன அமைப்பை மாற்றினாலும் அந்தரங்கம் பற்றிப் பேச அதிகம் மிச்சமில்லை.

"அண்ணே, நம்ம கம்பியூட்டர்ல களவெடுக்க என்ன இருக்கு?" என்று பக்கத்து லயத்துத் தம்பி கேட்டான். அவன் வீட்டுக் கணினியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவின் அடையாள அட்டை ஸ்கேன், அக்கா வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய பாஸ்போர்ட் பிரதி, பிறப்புச் சான்றிதழ்கள், பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், கல்யாணப் படங்கள், தங்கச்சியின் டியூசன் வட்ஸ்அப். ஒருவர் பெயரில் கடன் எடுக்கவோ சிம் எடுக்கவோ தேவைப்படும் காகிதங்கள் எல்லாம் ஒரே போல்டரில் கிடக்கின்றன.

விலை, வேகம் இதையெல்லாம் விட எனக்கு இந்தத் தேர்வைத் தீர்மானித்தது பராமரிப்பு. கணினியை ஓடும் நிலையில் வைத்திருக்க யார் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கிரெக் விண்டோஸ் போட்ட கணினி கொஞ்ச நாளில் இழுக்க ஆரம்பிக்கும், அல்லது அக்டிவேஷன் போய் அதைச் செய்யச் சொல்லும் எழுத்து திரையில் நிற்கும், அல்லது அன்டிவைரஸ் எதையாவது பிடித்து அக்டிவேட்டரை அழித்துவிடும். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போகவேண்டும். லொகின் பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி மேலே ஒட்டிக் கொடுத்துவிட்டு வருவோம், பெட்டி இரண்டு மூன்று நாள் அங்கே கிடக்கும். அந்த நாட்களில் மேலே சொன்ன அத்தனை காகிதமும் படமும் கடையில் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி இருக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை நான் சின்ன விசயமாக எடுக்க மாட்டேன். பெரிய கம்பனிகள் நம்மைக் கண்காணிப்பது பற்றி நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும், ஆனால் நம் ஊரில் வீட்டுக் கணினியின் அந்தரங்கம் முதலில் உடைகிற இடம் இந்த ரிப்பேர் மேசை என்பதே என் எண்ணம்.

பராமரிப்பின் மற்றப் பாதி டேட்டா. நம் வீடுகளில் பலருக்கு பைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர்தான். பெக்கேஜில் எந்நேர டேட்டா வேறு, இரவு டேட்டா வேறு, மாதம் முடியுமுன் எது தீர்ந்தாலும் பிள்ளையின் சூம் வகுப்பு நிற்கும். விண்டோஸின் மாதாந்த அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நமக்கு அது இரவு. சில நூறு எம்பியிலிருந்து ஜிபிக் கணக்கு வரை போகும். இணைப்பை மீட்டர் போட்டதாக (metered connection) அமைத்துவிட்டால் இது பெரும்பாலும் அடங்கும் என்பதையும் சொல்லவேண்டும், அந்த அமைப்பு விண்டோஸில் உண்டு, செய்தவர்கள்தான் குறைவு. மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இன்னொரு பக்கம். மைக்ரோசொப்ட் கணக்கோடு புதிதாகத் தொடங்கும் பல கணினிகளில் டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், படங்கள் என்று எல்லாம் அவர்கள் சேர்வருக்கு ஏறத் தொடங்கும், இலவச அளவான 5 ஜிபி நிரம்பும் வரைக்கும். ஏறுவது உங்கள் குடும்பப் படங்கள், செலவாவது உங்கள் டேட்டா. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 ஹோம், புரோ இரண்டிலும் கணினியின் நிலை பற்றி மைக்ரோசொப்டுக்குத் தானாகப் போகும் கட்டாயக் கண்டறிதல் தரவு என்ற ஒன்றை முழுதாக நிறுத்த வழியில்லை. கேட்காமல் வெளியே போவது எதுவோ அதற்கு நாம் இரண்டு முறை கொடுக்கிறோம், ஒருமுறை தகவலாக, ஒருமுறை ரீலோட் காசாக.

மின்டில் இந்த இரண்டும் எப்படி இருக்கிறது என்றால், அப்டேட் மனேஜர் என்று கீழ் மூலையில் ஒரு சின்னக் கேடயம் இருக்கும். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பட்டியலை மட்டும் தானாகப் பார்க்கும், நீங்கள் சொல்லாமல் நிறுவாது. திறந்தால் எது பாதுகாப்பு அப்டேட், எது சாதாரணமானது, தெரிவு செய்தவை மொத்தம் எத்தனை எம்பி என்று தெரியும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை உடனே போட்டுவிட்டு, பெரியவற்றை இரவு டேட்டாவுக்கு ஒதுக்கிவைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். கணினிக்குள் இருக்கும் லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் எல்லாமே இதே ஒரு இடத்தில் அப்டேட் ஆகிவிடும். கணக்கு எதுவும் கேட்காது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும், அதுவரை முழுதாக மாற்றி அடிக்கும் வேலை இல்லை. அக்டிவேஷன் என்ற ஒன்றே கிடையாது என்பதால் அதற்காகக் கடைக்குப் போகவும் தேவையில்லை. டைம்ஷிப்ட் என்ற கருவியும் கூடவே வரும், அப்டேட் ஏதாவது குழப்பினால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிற எங்கள் பக்கத்துக்கு இதை முதல் நாளே அமைத்துவிடுவது நல்லது. ஆனால் அது கணினி அமைப்பை மட்டும்தான் காக்கும், படங்களுக்கும் கோப்புகளுக்கும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி வேண்டும்.

நிறுவும்போது முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யவா என்று ஒரு தெரிவு வரும், அதை எடுங்கள். பிறகு ஹார்ட்வெயார் பழுதுக்குப் பெட்டி கடைக்குப் போனாலும், பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே ஒன்றும் திறக்காது. அந்த பாஸ்வேர்டை மறந்தால் உங்களுக்கும் திறக்காது, ஆகவே வீட்டில் பத்திரமான இடத்தில் எழுதி வையுங்கள்.

கட்டற்ற மென்பொருளாக இருப்பதில் எங்கள் ஊருக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஏறக்குறைய 3 ஜிபி வரும் நிறுவல் கோப்பை ஒருவர் இறக்கினால் போதும், பென்டிரைவில் போட்டுத் தோட்டத்து டிவிசன் முழுக்கக் கொடுக்கலாம், உரிமமே அதை அனுமதிக்கிறது. ஆனால் கை மாறி வந்த கோப்பை அப்படியே நம்பக் கூடாது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்து, பின்வாசல் வைத்த கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். அவர்களே உடனே அறிவித்துச் சரிசெய்தார்கள் என்றாலும் பாடம் பாடம்தான். தளத்தில் கோப்போடு கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணை உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நிறுவுங்கள்.

தமிழ் பற்றிப் பயம் வேண்டாம். யுனிகோட் தமிழ் அப்படியே தெரியும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற கருவி வழியாக இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை, தமிழ்99, ஒலிப்பு முறை எல்லாம் கிடைக்கின்றன. பள்ளிக்கூட வினாத்தாள்கள், பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தானே கிடக்கின்றன, அவற்றுக்கு அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸ் கணினியிலிருந்து எடுத்து இங்கே நிறுவினால் லிப்ரே ஒபிஸில் திறக்கும், பாமினியில் அடிக்கவும் முடியும். பக்க அமைப்பு சில இடங்களில் நகரும், அட்டவணை நிறைய உள்ள வேர்ட் கோப்புகளில் அதிகமாகவே நகரும். பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டியதென்றால் பிடிஎப் ஆக்கிக் கொடுங்கள்.

மின்ட் தோற்கிற இடங்களும் உண்டு. போட்டோ ஸ்டூடியோ வேலைக்கு போட்டோஷொப் இல்லாமல் முடியாது என்றால் விண்டோஸிலேயே இருங்கள், முறையான உரிமம் வாங்கி. வலரன்ட் மாதிரி விளையாட்டு ஓடாது, வீட்டில் வயதுப் பையன் இருந்தால் இதை அவனிடம் முதலே சொல்லிவிடுங்கள். பிரின்டரில் எச்பி எனக்குத் தொந்தரவு தரவில்லை. பழைய கெனன் லேசர் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாகத் தேடிப் போடவேண்டும், அதில் என் அனுபவம் குறைவு, ஆகவே வாக்குக் கொடுக்க மாட்டேன். உயர்தரம் முடித்துப் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு வேண்டிய வரைபட மென்பொருள்களையும் நான் அதிகம் தொட்டதில்லை.

பிரவுசர் விசயத்தில் விண்டோஸில் இருப்பவர்களும் செய்யக்கூடியது ஒன்று: பயர்பொக்ஸ் போட்டு அதில் யுபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்ப்பது. விளம்பரமும் பின்தொடரும் நிரலும் இறங்காதபோது டேட்டாவும் மிச்சம். குரோம் தன் நீட்சி முறையை மாற்றியதால் அங்கே அதன் முழு வடிவம் இப்போது ஓடுவதில்லை, லைட் வடிவம்தான். அப்புறம் 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கப்பட்டதும் தடையைத் தாண்ட அவசரத்துக்குப் போட்ட இலவச விபிஎன்கள் இன்னும் சிலர் பிரவுசரில் கிடக்கின்றன. அவற்றை நீக்கிவிடுங்கள், உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்த விபிஎன்னை நடத்தும் ஆள் கையால்தான் போகிறது.

மாறலாமா என்று யோசிப்பவர்கள் உடனே எதையும் அழிக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பாருங்கள், விண்டோஸ் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். வைபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, சூமுக்கு மைக்கும் கமராவும் வேலை செய்கிறதா, உங்கள் பிரின்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று பாருங்கள். சில பழைய லப்டொப்களில் வைபைக்கு டிரைவர் தனியாக வேண்டும், அப்படியானால் போனை யுஎஸ்பி வயரில் கொழுவி அதன் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் சரியென்றால் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு நிறுவுங்கள். பிரின்டர் மட்டும் பிடிவாதம் பிடித்தால் விண்டோஸையும் ஒரு பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே கணினியில் நிறுவலாம், அப்போது மேலே சொன்ன முழு டிஸ்க் குறியாக்கத் தெரிவை எடுக்கக் கூடாது, அது விண்டோஸையும் அழித்துவிடும். ஆனால் பேங்க் அலுவலும் ஸ்கேன் கோப்புகளும் மின்ட் பக்கம் மட்டும் இருக்கட்டும்.