சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு 13பி ரோட்டரி இக்னிஷன்: வெயிலூரில் மூன்று கோடை ஓட்டிய பிறகு

ரோட்டரி எஞ்சினுக்கு இக்னிஷன் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ஸ்பார்க் எவ்வளவு பலமா வரும்?" என்பதைத்தான். மூன்று கோடையில் ஏறக்குறைய 300 மணி நேரம் ஓட்டியதில், ஸ்பார்க் பலமில்லை என்று ஒரு நாள்கூட எஞ்சின் நிற்கவில்லை. நிறுத்தியவை வேறு: நேரம் தவறி வந்த ஸ்பார்க், சூடேறிய காயில், ஒழுங்காகப் பிடிக்காத எர்த். இந்தப் பகிர்வும் அந்த மூன்றைப் பற்றியதுதான்.

ஓட்டியது மாஸ்டா 13பி, டர்போ இல்லாதது. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர். முன்னால் 2.85-க்கு 1 கியர்பாக்ஸ், அதில் புரொப்பெல்லர். காட்பாடியிலிருந்து திருவலம் போகும் பக்கம் ஒரு ஷெட்டில், இரும்பு ஸ்டாண்டில் கட்டி ஓட்டியது. எனவே இங்கே உள்ளதெல்லாம் ஸ்டாண்டில் ஓட்டிய கணக்கு, பறந்த கணக்கு அல்ல. பறப்பதற்கு டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் அனுமதி தனி விஷயம்.

புதியவர்களுக்கு மட்டும் அடிப்படை. ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். ரோட்டரியின் எரிஅறை நீளமானது, தட்டையானது; எரியும்போதே நகர்ந்துகொண்டிருப்பது. ஒரே இடத்தில் பற்றவைத்தால் தீ மறுமுனைக்குப் போய்ச் சேர நேரமாகும். அதனால்தான் இரண்டு. 1991-இல் லெமான் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி வண்டியில் ஒரு ரோட்டருக்கு மூன்று பிளக் இருந்தது. இங்கே ஆர்பிஎம் என்றால் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் (ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டின்) ஆர்பிஎம். ரோட்டர் சுற்றுவது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை எரியும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் எந்தச் சுற்று எரியும் சுற்று என்று கண்டுபிடிக்க கேம் சென்சார் வேண்டும். ரோட்டரியில் அது வேண்டாம், ஷாஃப்ட்டில் ஒரு பல்சக்கரம் இருந்தால் போதும். விமானத்துக்கு இது பெரிய வசதி. பழுதாக ஒரு பொருள் குறைவு.

இனி நேரக் கணக்கு. டிசைனே இதில்தான் இருக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். எங்களிடம் இருப்பது இக்னைட்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்) உள்ளேயே வைத்த, ஜிஎம் கம்பெனியின் எல்எஸ் எஞ்சினில் வரும் வகை காயில். 14 வோல்ட்டில் நிரம்ப ஏறக்குறைய 4 மில்லி செகண்ட் மின்சாரம் ஏற்ற வேண்டும். இதைத்தான் டுவெல் என்கிறோம். ஒரு பிளக்குக்கு ஒரு காயில், சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று வைத்தால் 10-இல் 4 போக 6 மில்லி செகண்ட் மீதி. ஸ்பார்க் எரிவதற்கு ஒன்று, ஒன்றரை போனாலும் காயிலுக்கு ஓய்வு கிடைக்கும். மாஸ்டாவின் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரில் லீடிங் இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒரு ஸ்பார்க் வேலைக்கு, இன்னொன்று வீண். அதே பழக்கத்தில் இந்தக் காயில்களையும் வீண் ஸ்பார்க் முறையில் ஓட்டினால் 5 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். அதில் 4 டுவெல். மீதி ஒரே ஒரு மில்லி செகண்ட். காயில் ஓய்வில்லாமல் கொதிக்கும், ஸ்பார்க்கும் பாதியில் அறுபடும். முதல் கோடையில் லீடிங் காயில் ஒன்று இப்படித்தான் போனது. காயில் மட்டம் என்று நினைத்தோம். தப்பு கணக்கில் இருந்தது. ஈசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில்) லீடிங்கைத் தனித்தனி ஸ்பார்க்காக மாற்றிய பிறகு அந்த இடத்தில் காயில் போகவே இல்லை.

டிரெய்லிங்கில் வீண் ஸ்பார்க் என்ற பேச்சுக்கே இடமில்லை. 180 டிகிரி தள்ளி அடித்தால் அந்நேரம் டிரெய்லிங் பிளக்கின் எதிரில் வந்திருப்பது அடுத்த அறையின் புது மிக்ஸ்சர். அது பற்றிக்கொண்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். முதல் ரோட்டர் டிரெய்லிங் ஒயரையும் இரண்டாம் ரோட்டர் டிரெய்லிங் ஒயரையும் மாற்றிச் சொருகினாலும் அதே கதிதான். ஒரே ரோட்டரில் லீடிங்–டிரெய்லிங் மாறினால் எஞ்சின் ஓடும், பவர் மட்டும் குறையும். ஆகவே கண்டுபிடிப்பது கஷ்டம். நாங்கள் நாலு ஒயரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டினோம். ஒன்று இன்னொன்றின் பிளக்குக்கு எட்டவே எட்டாது. கலர் ஸ்லீவை மட்டும் நம்ப வேண்டாம். ஆறு மாதம் சூடு பட்டால் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

டுவெல்லைக் கூட்டி வைத்தால் ஸ்பார்க் பலமாகும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வகைக் காயில் சிலவற்றில் தற்காப்பு உண்டு. மின்சாரம் வரம்பை மீறினால், ஈசியு சொல்லாமலே காயில் தானாக அடித்துவிடும். அப்படியானால் ஸ்பார்க் முன்கூட்டியே வந்துவிட்டது என்று பொருள். பிஸ்டன் எஞ்சின் கொஞ்சம் நாக்கிங் (மிக்ஸ்சர் சீராக எரியாமல் வெடிப்பது) தாங்கும், ரோட்டரி தாங்காது. 1986 முதல் வந்த 13பி-யில் அபெக்ஸ் சீல் (ரோட்டர் முனையில் வாயு கசியாமல் அடைக்கும் பட்டை) 2 மி.மீ. தடிமன்தான், அதற்கு முன் 3 மி.மீ. நாக்கிங்கில் சீல் உடைந்தால் துண்டு உள்ளேயே சுற்றி ஹவுசிங்கைக் கோடு போட்டுவிட்டு எக்சாஸ்ட் வழியாக வெளியே போகும். டுவெல்லை வோல்ட்டேஜுக்கு ஏற்ற அட்டவணையாகப் போடுங்கள்: 14 வோல்ட்டுக்கு 4 மில்லி செகண்ட், ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி 11-க்கு இறங்கினால் 6 வரை. ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டால் ஒரு பக்கம் பற்றாது, இன்னொரு பக்கம் மீறும்.

ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்லும் சென்சார் விஷயத்துக்கு வருவோம். 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம், 150 மி.மீ. விட்டம், 4 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு. ராணிப்பேட்டை லேத் பட்டறையில் கடைந்து வாங்கியது. ஓட்டம் (சுற்றும்போது விளிம்பு விலகும் அளவு) 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லி, டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் மாட்டினோம். காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் இரண்டு, இடைவெளி 1 மி.மீ. சென்சார் பிராக்கெட் தடியாக இருக்கட்டும். 75 மி.மீ. ஆரத்தில் பிராக்கெட் 1 மி.மீ. ஆடினால் டைமிங் முக்கால் டிகிரி ஆடும். 3 மி.மீ. அலுமினியப் பட்டையில் முதலில் செய்தது 4500 ஆர்பிஎம்முக்கு மேல் அதிர்ந்தது. டைமிங் லைட்டில் புள்ளிக் குறி கோடாகத் தெரிந்தது. 8 மி.மீ. ஸ்டீலில், இரண்டு போல்ட் வைத்து மாற்றியதும் குறி அசையாமல் நின்றது.

டைமிங் லைட் வேலையைச் சோம்பேறித்தனமாகச் செய்யக் கூடாது. ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு 1500-இல் ஒருமுறை, 5000-இல் ஒருமுறை புல்லியைப் பாருங்கள். இரண்டிலும் குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 28 மைக்ரோ செகண்ட்தான். சிக்னல் 50 மைக்ரோ செகண்ட் தாமதமானாலே 1.8 டிகிரி போச்சு. காயில் சுருள் வகை விஆர் சென்சாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் ஆர்பிஎம் ஏற ஏறக் குறி நகரும். பலர் இதை ஈசியுவின் கோளாறு என்று நினைத்து அலைவார்கள். ஹால் சென்சாரில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் மேப்: ஸ்டார்ட்டில் டிடிசிக்கு (அறை மிக அதிகம் சுருங்கும் நிலைக்கு) பின் 5 டிகிரி. முன்னால் வைத்தால் கிக்பேக் (எதிர்ப்பக்க உதை) வரும், அடி கியர்பாக்ஸ் பல்லுக்குப் போகும். 5000–6000 ஃபுல் லோடில் லீடிங்கை டிடிசிக்கு முன் 20 டிகிரியில் தொடங்கி 24-இல் நிறுத்தினோம். டிரெய்லிங் 10 டிகிரி பின்னால். மிதமான லோடில் 5. டிரெய்லிங் ஒருபோதும் லீடிங்கை முந்தக் கூடாது.

எங்கள் இரட்டை இக்னிஷன் அமைப்பில் ஒரு ஈசியு லீடிங்கை மட்டும் ஓட்டுகிறது, மற்றது டிரெய்லிங்கை மட்டும். தனித்தனி சென்சார், தனித்தனி ஃப்யூஸ், தனித்தனி பேட்டரி. எளிமைக்காக இதைத் தேர்ந்தோம். இன்றும் சரி என்றே படுகிறது. ஆனால் இரண்டு பாதியும் சமம் அல்ல. டிரெய்லிங்கை அணைத்தால் ஆர்பிஎம் கொஞ்சம்தான் இறங்கும். லீடிங்கை அணைத்தால் இழப்பு காதிலேயே கேட்கும். எக்சாஸ்ட் சூடும் ஏறும், ஏனென்றால் எரிவது தாமதமாகிறது. லீடிங் இல்லாமல் ஓட நேர்ந்தால் டிரெய்லிங் ஈசியு தானாக டைமிங்கை முன்னே தள்ளாது. அதற்குத் தனி ஸ்விட்ச் வைத்து இரண்டாவது மேப் போட்டிருக்கிறோம். ஸ்விட்ச் சோதனையை 3000-க்குள் செய்யுங்கள். தவறுதலாக இரண்டும் அணைந்துவிட்டால் பதற்றத்தில் திரும்பப் போடாதீர்கள். எரியாத பெட்ரோல் முழுக்க மஃப்ளரில் நிற்கும். திராட்டிலை மூடி, எஞ்சின் நிற்கட்டும். மஃப்ளர் வயிறு பிளந்து போவது இந்த இடத்தில்தான்.

இப்போது வெயில். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது அதிசயமே இல்லை. சும்மாவா வெயிலூர் என்கிறார்கள்? ஓடும்போது காற்று அடிப்பதால் காயில் பிழைத்துக்கொள்கிறது. எஞ்சினை நிறுத்திய அடுத்த கால் மணி நேரம்தான் ஆபத்து. காற்று நின்றுவிடும், எக்சாஸ்ட் சூடு முழுக்க மேலே ஏறும். கத்திரி நாளில் நிறுத்தி இருபது நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் 4000-க்கு மேல் மிஸ்ஸிங் வரும். ஆறிய பிறகு ஒன்றும் இருக்காது. இந்த மாதிரிக் கோளாறை மல்டிமீட்டரில் பிடிக்க முடியாது. காயிலை எஞ்சின் மேலிருந்து எடுத்து ஃபயர்வாலில் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில்) வைத்து, 25 மி.மீ. குழாயில் குளிர்காற்று கொடுத்த பிறகு நின்றது. அதனால் பிளக் ஒயர் நீண்டது. பரவாயில்லை, சப்ரஷன் உள்ள ஸ்பைரல் ஒயரும், உள்ளே ரெசிஸ்டர் உள்ள பிளக்கும் சேர்ந்தால் ரேடியோவில் இரைச்சல் இல்லை. வெறும் செம்பு ஒயர் போட்டால் ரேடியோ மட்டுமல்ல, சென்சார் சிக்னலும் கெடும்.

இருட்டில் பார்ப்பது என்ற பழைய வைத்தியத்தை விடாதீர்கள். ராத்திரி ஷெட் விளக்கை அணைத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, புரொப்பெல்லர் பக்கம் யாரையும் விடாமல், பின்பக்கமிருந்து காயில் மேல் தண்ணீரைப் பனிபோல் ஸ்பிரே செய்தோம். இரண்டாவது லீடிங் காயிலின் ரப்பர் பூட்டில், மடிப்பு விழுந்த இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு நீலக் கோடு வெளியே வந்து, பிராக்கெட் போல்ட்டைத் தொட்டுத் தொட்டு மறைந்தது. பகலில் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது, மயிரிழை அளவு ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி. பூட்டை மாற்றி உள்ளே டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவினோம். இப்போது ஒவ்வொரு 50 மணி நேரத்துக்கும் இந்த இருட்டுச் சோதனை உண்டு.

பிளக்: என்ஜிகே பியூஆர்7இகியூ லீடிங்குக்கு, பியூஆர்9இகியூ டிரெய்லிங்குக்கு என்பது வண்டிக் கணக்கு. விமானம் மணிக்கணக்கில் அதிக லோடிலேயே ஓடுவது என்பதால் நாலிலும் 9 போட்டோம். என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. ஐடிலில் அதிக நேரம் விட்டால் கரி பிடிக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம். நீளம் கூடிய பிளக்கை மாற்றாகப் போடவே கூடாது, அபெக்ஸ் சீல் வந்து இடிக்கும். டைட் 13 முதல் 18 நியூட்டன் மீட்டர், ஹவுசிங் அலுமினியம். எலெக்ட்ரோடை வளைத்து இடைவெளி சரிசெய்யும் வேலை இதில் இல்லை; தேய்ந்தால் மாற்றுவதுதான். பங்க் பெட்ரோலில் எங்களுக்கு 100 மணி நேரம் தாங்குகிறது. இந்தியன் ஆயில் 2022-இல் இங்கேயே தயாரிக்கத் தொடங்கிய விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100 எல்எல்-இல் ஈயம் உண்டு. அதில் ஓட்டுபவர்கள் அந்த 100 மணி நேரத்தில் பாதியிலேயே கழற்றிப் பார்ப்பது நல்லது. டிரெய்லிங் ஓட்டை சின்னது. அங்கே ஈயமும், பெட்ரோலில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலின் கரியும் சேர்ந்து அடைத்தால் பிளக் புதிதாக இருந்தும் பயனில்லை.

பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க்குக்கு மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ இல்லாத எஞ்சின் இது, கரண்ட் போனால் எஞ்சின் போச்சு. காயிலுக்கு உச்சத்தில் 8 ஆம்பியர் என்று வைத்துப் போட்ட கணக்கு: ஒரு காயில் சராசரி 1.6, நாலுக்கும் 6.4. பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், ஈசியு சேர்த்தால் 16 ஆம்பியர் பக்கம். 18 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஒரு மணி நேரம் வரும் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். அந்த எண் இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கும்போது உள்ளது. அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு பத்து டிகிரி கூடினால் சீல்டு பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே எங்கள் ஊரில் வருடம் ஒரு பேட்டரி, முறை வைத்து. ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷன் ஓடும்போது விட்டுப்போனால் வரும் வோல்ட்டேஜ் இக்னைட்டரைத் தின்றுவிடும். 16 வோல்ட்டில் துண்டிக்கும் ரிலே கட்டாயம்.

எர்த் விஷயத்தில் ஒன்றே ஒன்று. காயில் எர்த் நேராக எஞ்சின் பிளாக்குக்கு, சென்சார் எர்த் நேராக ஈசியுவுக்கு. இரண்டையும் ஒரே லக்கில் (ஒயர் முனை வளையத்தில்) போட்டதால் ஒரு வாரம் போனது. சென்சார் ஒயரின் ஷீல்டை ஈசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பு அருகில் வைத்திருப்பவர்கள் வெறும் செம்பு லக்கைப் போட வேண்டாம். அந்தக் காற்றில் செம்பு கருத்துவிடும். வெள்ளீயம் பூசிய லக், கிரிம்ப், மேலே பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு கப்ளரையும் கழற்றி, உள்ளே உள்ள உலோக முள்ளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்த கோடைக்கு முன் மாற்றப்போவது ஒன்று: நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் ஓடும் ஒரு சிறு ஃபேனை, இன்னொரு பேட்டரியிலிருந்து, காயில் பெட்டிக்குக் கொடுப்பது.