தூங்கிப்போன கணக்கை எழுப்பிய மூன்று நாட்கள்

கல்லூரிக் காலத்தில் தொடங்கிய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டு வேலைக்குப் போன பின் 6 ஆண்டுகளாக நான் தொடவே இல்லை. இந்த விடுமுறையில் கிளைக்குச் சென்றபோது அது செயல்படாத கணக்குகளின் பட்டியலில் கிடந்தது. வாடிக்கையாளர் தாமாகச் செய்யும் வரவு செலவு 2 ஆண்டுகள் இல்லையென்றால் கணக்கு அந்நிலைக்குப் போய்விடும். வங்கி வரவு வைக்கும் வட்டி அதில் சேராது. வெளிநாடு சென்றதுமே அதை, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும் என்பதால், முதல் தவறு என்னுடையதே.

முதல் நாள் முகப்பில் இருந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆனால் வட்டியில் வரிப்பிடித்தத்தைத் தவிர்க்கலாம் என்று அதற்கான உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார். அது இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே உரியது. என்ஆர்ஓ வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். கணக்கை எழுப்பக் கட்டணம் உண்டு என்றும் சொன்னார். 2024 ஏப்ரல் முதல் அப்படி வாங்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவைக் கைப்பேசியில் காட்டிய பிறகு, மேலாளரிடம் கேட்டுவந்து அதை விட்டுவிட்டார்.

மறுநாள் உதவி மேலாளர் அம்மா என் பழைய மாதிரிக் கையெழுத்தைத் திரையில் எடுத்தார். பத்தொன்பது வயதில் தமிழில், ‘ன்’னுக்குக் கீழே நீண்ட வாலுடன் போட்டது, கடவுச்சீட்டிலோ ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். “பழைய மாதிரி ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார்” என்றார். டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் நான்கு முறை முயன்றும் அந்த வால் வளையவில்லை. அவர் சிரிக்காமல் கடவுச்சீட்டு, விசா, பான் அட்டை நகல்களைச் சரிபார்த்துப் புதிய கையெழுத்தைப் பதிவுசெய்து, என்ஆர்ஓ மாற்றத்திற்கான படிவத்தையும் தாமே எடுத்துவந்து விளக்கினார். அந்தக் கிளையில் விதி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலும்.

வாடிக்கையாளர் சேவை எண்தான் பொறுமையைச் சோதித்தது. பதிவான சிம் எப்போதோ காலாவதியாகிவிட்டதால் ஓடிபி எனக்கு வராது என்று சொன்னால், கிளையை அணுகச் சொல்கிறார்கள். கிளையிலோ அந்த எண்ணையே அழைக்கச் சொல்கிறார்கள். எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

மூன்றாம் நாள் பாஸ்புக் இயந்திரம் 6 ஆண்டுகளின் காலாண்டு வட்டியை வரிவரியாக அச்சிட்டுத் தந்தது. கணக்கு விழித்துவிட்டது, ஓடிபி மட்டும் இன்னும் அந்தப் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கிறது.