வலைக்கடையில் வாங்கிய பத்து மீட்டர் கயிறு: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

நாய்க்குட்டிக்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், செல்லப்பிராணிக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருதரம் மீன்பிடி வலையும் கயிறும் விற்கிற வலைக்கடைக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கும். அங்கே எடை போட்டு விற்கிற எட்டு எம்.எம். நைலான் கயிற்றில் பத்து மீட்டர் வாங்கி, ஒரு ஸ்டீல் கொக்கி மாட்டி, எட்டு மாதமாக என் நாயை அதில்தான் பழக்குகிறேன். அதற்கு முன்னால் ஒரு சங்கிலி வாங்கினேன், அப்புறம் ஒரு ஹார்னஸ். மூன்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது கயிற்றுக்காகத்தான்.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. போன வருடம் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்குமே, அப்போது எங்கள் கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்துக்கு அடியில் ஒரு தெருநாயும் அது ஈன்ற ஐந்து குட்டிகளும் இருந்தன. கடுவன் குட்டிகள் மூன்றையும் நடக்க ஆரம்பித்த உடனேயே ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டைக்குட்டி இரண்டும் யாருக்கும் வேண்டாமல் கிடந்தன. ஒன்று வண்டியில் அடிபட்டுச் செத்தது. மிச்சம் இருந்ததுதான் சிப்பி. எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமே விட்டு, தாய்க்குத் தினமும் சோறு வைத்து, அப்புறம்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. அதற்குக் காரணம் பால் மட்டும் இல்லை. கூடப்பிறந்ததைக் கடித்து, அது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. சிப்பிக்குக் கடைசி வாரங்களில் கூட விளையாட ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, வந்த புதிதில் கை, கால், அம்மாவின் சேலை முந்தானை என்று எல்லாவற்றையும் ஊசிப்பல்லால் பிடித்துத் தொங்கியது.

பக்கத்து வீட்டுப் பையன் கையில் ஒருநாள் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. குட்டி நாய்தானே என்று அவன் வீட்டில் மஞ்சள் வைக்கப் போனார்கள். நான் விடவில்லை. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம், நேராக அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தடுப்பூசி அங்கே இலவசம்தான். குட்டிக்கும் வெறிநோய் வரும், குட்டியின் பல்லிலிருந்தும் பரவும், அறிகுறி வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. அடுத்தடுத்த ஊசிகளுக்கும் நானே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன், என் வீட்டு நாய் செய்ததற்கு நான்தானே பொறுப்பு. சிப்பிக்கு மூன்று மாதம் முடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, இனி வருடா வருடம். பார்வோ என்கிற, குட்டிகளைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் நோய்க்கான ஊசி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த ஊசிகள் முடிகிறவரை மற்ற நாய்கள் திரிகிற மண்ணில் இறக்கக்கூடாது, ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற வயசும் அதுவேதான், மூன்றரை மாதத்துக்குள் பார்த்துப் பழகாததற்கு அப்புறம் மிரளும். அதனால் ஒரு பெரிய பனையோலைக் கூடையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் பாலத்தில் ஏறுகிற சத்தம், விசைப்படகு எஞ்சின், கோயில் மணி, பாங்கு, மீன் ஏலம், எல்லாம் கூடைக்குள் இருந்தே பார்த்தது. இன்று எந்தச் சத்தத்துக்கும் அது நடுங்குவதில்லை. அந்தக் கூடைக்குத் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம்.

சரி, சங்கிலி. டவுனில் ஒரு கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி. "ஒரு சுண்டு சுண்டினா அடங்கிரும்" என்று கடைக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். முதல் நாளே மீன் வண்டி ஹாரன் அடித்ததில் சிப்பி துள்ளி முன்னால் பாய்ந்தது, சங்கிலி இறுகியது, ஒரு வறட்டு இருமல் இருமிவிட்டு நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. மூன்றரை மாதக் குட்டியின் தொண்டைக்குழாய் என்ன தாங்கும்? இழுத்தால் வலிக்கும் என்பதை அது கற்கவில்லை, சாலைக்குப் போனால் வலிக்கும் என்றுதான் கற்றது. அதற்குப் பிறகு ஒரு வாரம் வாசல் படியைத் தாண்ட மறுத்தது. அந்தச் சங்கிலியை யாருக்கும் கொடுக்கக்கூட மனசு வரவில்லை, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். தயவுசெய்து குட்டிகளுக்கு அதை வாங்காதீர்கள்.

அடுத்தது ஹார்னஸ், ஆன்லைனில் 450 ரூபாய். கழுத்தில் இல்லாமல் நெஞ்சையும் விலாவையும் சுற்றிப் போடுகிற வார். வாங்குவதென்றால் நெஞ்சுப் பக்கம் ஒரு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் வண்டிமாடு மாதிரி நெஞ்சைக் கொடுத்து இன்னும் பலமாக இழுக்கும், நெஞ்சில் மாட்டினால் இழுக்கும்போது உடம்பே நம் பக்கம் திரும்பிவிடும், இரண்டு நாளில் வித்தியாசம் தெரிந்தது. தையல்காரர் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். குறை என்னவென்றால், நம் கடற்கரைக்கு அது செய்யப்படவில்லை. பிளாஸ்டிக் பக்கிளுக்குள் மணல் போய்ச் சரியாகப் பூட்டாது, உப்புத் தண்ணீர் காய்ந்தால் வார் விறைத்து அக்குளை உரசும். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். குட்டி வளர்கிற வேகத்தில் இரண்டரை மாதத்தில் சிறிதாகிவிட்டது, இப்போது இருப்பது இரண்டாவது. இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும், ஏனென்றால் நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. ஓடிவந்த வேகத்தில் கயிறு முடிந்தால் அந்த வெட்டு முழுக்கக் கழுத்தில் விழும்.

இனி கயிறு. ஆடி மாதம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் சிப்பியை மூன்றடி வாரோடு கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கருவாடு காயப் போட்டிருந்த இடத்தைத் தாண்டும்போது வார் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. "தம்பி, நாயப் பிடி, நாயப் பிடி" என்று அக்கா ஓடிவருவதற்குள் நெத்திலியில் புரண்டு, வாய் நிறைய அள்ளிக்கொண்டு, கூப்பிடக் கூப்பிட ஓடியது. அந்த நெத்திலி அந்த அக்காவின் இரண்டு நாள் உழைப்பு. வேண்டாம் என்றார், இருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அத்தனை உப்பு குட்டிக்கும் ஆகாது, அன்று முழுக்கத் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்தது. அன்று சாயங்காலமே வலைக்கடைக்குப் போனேன். நாய்க்கு என்று சொன்னதும் கடைக்கார அண்ணன் பச்சைக் கயிறு ஒன்றை எடுத்தார். அது பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் கயிறு, தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு, ஆனால் முரடு, உள்ளங்கையை அறுத்துவிடும், வெயிலில் சீக்கிரம் பொடிந்துபோகும். நைலான் தண்ணீரில் முங்கும், ஆனால் மெத்தென்று இருக்கும், இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், அந்த நெகிழ்ச்சிதான் நாய்க்கு நல்லது. ஆறு எம்.எம். கையை வெட்டுகிறது, பத்து எம்.எம். நனைந்தால் கனம், எட்டுதான் சரி. கயிறும் கொக்கியும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டில் மாமா கயிற்றின் பிரிகளைப் பிரித்து, கொக்கியின் வளையத்துக்குள் கொடுத்து, மறுபடியும் கயிற்றுக்குள்ளேயே பின்னிக் கொடுத்தார். முடிச்சு இல்லை, அவிழவும் வழியில்லை. மறுமுனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிவிட்டோம். அந்த முனையில் கைப்பிடி வளையம் போட வேண்டாம் என்று மாமா சொன்னது நல்லதாகப் போயிற்று, வளையம் இருந்தால் கல்லிலும் நங்கூரத்திலும் மாட்டிக்கொள்ளும்.

பழக்கும் விதம் இதுதான். ஆள் இல்லாத நேரத்தில் கரையில் கயிற்றை மணலில் இழுபட விட்டுவிடுவேன். அது எதையாவது மோந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒருதரம் "சிப்பி, வா" என்று கூப்பிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருவேன். வந்தால், உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சாளைத் துண்டு ஒன்று. வராவிட்டால் திரும்பக் கூப்பிடுவதில்லை, கயிற்றை மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் நின்று, அது திரும்பிப் பார்த்ததும் கொண்டாடுவேன். பத்துத் தடவை கத்திக் கூப்பிட்டால் பத்தாவதுக்கு வந்தால் போதும் என்றுதான் நாய் புரிந்துகொள்கிறது. வந்த நாயைத் திட்டவே கூடாது, எவ்வளவு கோபம் இருந்தாலும். ஒரு மாதத்தில் அருமையாக வந்தது, சிப்பிக்கு ஏழு மாதம் ஆனபோது எல்லாம் மறந்தது போல ஆகிவிட்டது. வாலிப வயசில் அப்படித்தான். விட்டுவிடலாமா என்று இரண்டு வாரம் மனசு சோர்ந்தது உண்மை. மறுபடியும் முதலிலிருந்து, பாதிக் கயிற்றில் தொடங்கினோம். அந்த மாதம்தான் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்தேன், இன்னொரு வள்ளத்துக்கு அடியில் இன்னொரு ஐந்து குட்டி அநாதையாகக் கிடப்பதை என்னால் பார்க்க முடியாது.

"விடு" என்ற சொல்லுக்கு இந்தக் கயிறு செய்த உதவியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மார்கழியில் ஒருநாள் வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் ஒன்று வயிறு ஊதிக் காய்ந்து கிடந்தது. நான் பார்ப்பதற்குள் சிப்பி பார்த்துவிட்டது. பேத்தையின் விஷம் காய்ந்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, நாய்க்கு ஒரு துண்டு போதும். கயிற்றை மிதித்தேன், "விடு" என்றேன். மூக்கு மீனைத் தொட ஒரு சாண் இருந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அப்படியே நின்று, மீனைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பி வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தது. கையில் இருந்த சாளை முழுவதையும் கொடுத்துவிட்டேன். கயிறு இல்லாவிட்டால் அன்று அது இல்லை.

இப்போது பங்குனி. இந்த மாதத்தின் பெயரைக் கொண்ட பங்குனி ஆமை கரையேறி மணலில் குழி தோண்டி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகிற காலம். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் விடிவதற்குள் நடந்து தேடி முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நாய் போய்விட்டால் குழியில் ஓடுதான் மிஞ்சும். தோண்டுவது தெருநாய் மட்டும் இல்லை, ராத்திரி அவிழ்த்துவிடப்படுகிற வீட்டு நாய்களும்தான். பூநாரைகளும் அப்படித்தான், அத்தனை தூரம் பறந்து வந்து சேற்றில் இரை பொறுக்குகிற பறவையை ஒரு நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் அதன் தெம்பு போகிறது. 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது, அந்தப் பக்கம் சிப்பியைக் கூட்டிக்கொண்டு போவதே இல்லை. எங்கள் கரையிலும் இந்த மாதங்களில் கயிற்றை அவிழ்ப்பதில்லை, எவ்வளவு நன்றாகப் பழகியிருந்தாலும் சரி.

கயிற்றின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஓடுகிற கயிற்றை வெறுங்கையால் பிடித்தால் தோல் உரிந்துவிடும், எனக்கு இரண்டு விரலில் உரிந்தது, கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, காலால் மிதிப்பதுதான் வழி. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் பயன்படுத்தாதீர்கள், கணுக்காலில் சுற்றிவிடும். சந்தைக்கும் சாலைக்கும் இது ஆகாது, அங்கே குட்டை வார்தான். நனைந்தால் மணலைச் சுமந்துகொண்டு கனக்கும், வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் தொங்கவிட வேண்டும். கொக்கி வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள், பலமாக ஒட்டினால் அது பெரும்பாலும் பளபளப்புப் பூச்சுப் போட்ட இரும்பு, இந்த உப்புக் காற்றில் இரண்டு மாதம் தாங்காது. என் முதல் கொக்கி அப்படித்தான் துருப்பிடித்து நாக்கு திரும்பாமல் நின்றுவிட்டது, மாற்றியது இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. கயிறு மட்டும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு முழம் நைந்திருக்கிறது. அந்த முழத்தை வெட்டிவிட்டு மறுபடி பின்னலாம் என்கிறார் மாமா. நான் புதுசே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், இந்தத் தடவை பன்னிரண்டு மீட்டர்.