ஓவியப் பாடத் திட்டத் தொகுப்பு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம் கற்பிக்கும் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தபோது, புத்தகக் கண்காட்சியில் இரண்டு தொகுதிகளாகக் கிடைத்த ஓவியப் பாடத் திட்டத் தொகுப்பு ஒன்றை 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முதல் தொகுதி தொடக்க வகுப்புகளுக்கும் இரண்டாவது நடுநிலை வகுப்புகளுக்கும் உரியது. ஒரு வகுப்புக்கு 30 பாடங்கள். ஒவ்வொரு பாடமும் எதிரெதிரான இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுவதால், மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே வகுப்பை நடத்த முடிகிறது.

வாரத்துக்கு ஒன்றாகக் கிடைக்கும் 40 நிமிடப் பாடவேளையில், தாள் கொடுத்துத் தண்ணீர் வைப்பதற்கும் தூரிகைகளைக் கழுவி வாங்கி வைப்பதற்குமே பாதி நேரம் போய்விடும் என்பதை ஓவிய ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். இந்தத் தொகுப்பை எழுதியவர்களும் அதை அறிந்திருக்கிறார்கள். செய்து காட்ட 8 நிமிடம், பிள்ளைகள் வரைய 20 நிமிடம், கழுவித் துடைக்க 7 நிமிடம், மீதி 5 நிமிடம் படங்களைச் சுவரோரம் வைத்து எல்லோரும் பார்க்க என்று பிரித்திருக்கிறார்கள். அந்தக் கடைசி 5 நிமிடத்தை நான் முன்பெல்லாம் ஒதுக்கியதே இல்லை. தன் படத்தைப் பற்றி ஒரு பிள்ளை எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசுவதைக் கேட்ட பிறகு, அதை விட்டுவிட மனம் வரவில்லை.

பொருள்களைப் பற்றிய குறிப்புகளில்தான் தொகுப்பு தடுமாறுகிறது. மூன்றாம் வகுப்புக்கு மெழுகு க்ரேயானால் கோடுகளை அழுத்தி வரைந்து அதன்மேல் நீல வண்ணம் பூசும் பாடம் ஒன்று இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீரைப் போல வண்ணம் மெழுகில் ஒட்டாமல் உருண்டு விலக, வெள்ளைக் க்ரேயானால் வரைந்த மீன்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் பாடம் வேறில்லை. ஆனால் தொகுப்பு ‘வண்ணம் பூசவும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. நான் போஸ்டர் கலரைக் கெட்டியாகவே கொடுத்தேன். அது மெழுகையும் சேர்த்து மூடியதால் முதல் வகுப்பில் ஒரு மீன்கூடத் தெரியவில்லை. வில்லை வண்ணத்தையோ நன்றாக நீர்த்த வண்ணத்தையோ பயன்படுத்த வேண்டும் என்றும், சாதாரண ஓவிய நோட்டின் தாள் ஊறிச் சுருண்டுவிடும் என்பதால் தடித்த காட்ரிட்ஜ் தாள் தேவை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். வண்ணக் கலவைப் பாடத்திலும் இதே குறைதான். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா வரும் என்கிறது. ஆரஞ்சுச் சாயல் கொண்ட ஸ்கார்லெட் சிவப்பை நீலத்தோடு கலந்தால் கிடைப்பது மங்கிய பழுப்புதான். நீலச் சாயல் கொண்ட கிரிம்சன் சிவப்பை வாங்கிக் கலந்த அன்றைக்குத்தான் வகுப்பில் ஊதா நிறத்தைப் பார்த்தோம்.

பாடங்களை வகுப்புவாரியாக அடுக்கியதில் எனக்கு ஒரு பெரிய மாறுபாடு உண்டு. தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் (மறைபுள்ளியில்) சேர்வது போல வரையும் பாடத்தை நான்காம் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த விக்டர் லோவன்ஃபெல்ட், 7 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு நிலக்கோட்டை இழுத்து, அதன்மேல் வீட்டையும் மரத்தையும் மனிதரையும் வரிசையாக நிறுத்துவதைச் சுட்டிக்காட்டினார். அந்த நிலையை இன்னும் முழுதாகத் தாண்டாத பிள்ளையிடம் மறைபுள்ளியைப் பற்றிப் பேசினால், அவள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் செய்வாளே தவிர, கண்ணால் கண்டதை வரையமாட்டாள். நான் அப்பாடத்தை ஏழாம் வகுப்புக்கு மாற்றி, பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில் அவர்களை உட்கார வைத்து நடத்தினேன். படம் உண்மையைப் போல இல்லையே என்று பிள்ளைகள் தாமாகவே கவலைப்படத் தொடங்கும் அந்த வயதில், இந்த முறை அவர்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது.

ஆறாம் வகுப்பில் சித்தன்னவாசல் குடைவரைக் கோயில் ஓவியத்தைப் பற்றிய பாடம் இரண்டாம் தொகுதியின் சிறந்த பகுதியாக அமைந்திருக்க வேண்டியது. விதானத்துத் தாமரைக் குளத்தில் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் இருக்க, நடுவே மலர் பறிக்கும் உருவங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் ஒரு மணி நேரம் பார்த்தாலும் சலிக்காது. தொகுப்பில் அது தீப்பெட்டி அளவில், பழுப்பேறி அச்சாகியிருக்கிறது. போதாக்குறைக்கு அதைப் பல்லவர் ஓவியம் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாம் மகேந்திரவர்மனோடு அதைத் தொடர்புபடுத்தியது பழைய கருத்து. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தது என்பதால், இன்று அறிஞர்கள் அதனை 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்கிறார்கள். வகுப்பில் நடத்துவதற்கு முன் ஆசிரியர் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் அட்டவணைகளை நான் பயன்படுத்தவில்லை. சுத்தத்துக்கு அவ்வளவு மதிப்பெண் தருவது எனக்கு உடன்பாடில்லை. புதிதாக ஓவிய வகுப்பை ஏற்பவர்கள் முதல் தொகுதியைத் தயங்காமல் வாங்கலாம். நடுநிலை வகுப்புகளுக்கு மட்டும் தேவையென்றால், இரண்டாம் தொகுதி தனியாகவும் 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சித்தன்னவாசலுக்கு வேறொரு பெரிய படத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.