டபுள் புரமோஷனா, பவுண்டேஷன் கோச்சிங்கா, ஒலிம்பியாடா? வகுப்பை முந்தி ஓடும் பிள்ளைக்கு எது சரி

"பையன் நல்லாப் படிக்கிறானே, என்டிஎஸ்இ எழுத வைங்க" என்று சொல்லும் மாமா ஒருவர் இன்னும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அந்தத் தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பிறகு நடக்கவில்லை. அறிவியல் பக்கம் போகும் பிள்ளைகளுக்காக 1999இல் தொடங்கிய கேவிபிஒய் தேர்வையும் 2022இல் நிறுத்தி, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆக, நம் தலைமுறைக்குத் தெரிந்த இரண்டு பெரிய வாசல்களும் மூடிவிட்டன. இப்போது திறந்திருப்பவை எவை, அதில் எது யாருக்கு என்பதுதான் பேச்சு.

பி.எட். புத்தகத்தில் 'மீத்திறன் குழந்தைகள்' என்று ஒரு பகுதி உண்டு. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கென்று ஏற்பாடு எதையும் பெரும்பாலும் பார்க்க முடியாது. மெல்லக் கற்போருக்குச் சிறப்பு வகுப்பு வைப்பார்கள். பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்ட பிள்ளைக்கு "சும்மா உட்காரு", மிஞ்சிப்போனால் "பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் குடு". அதனால் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது. அவர்களிடம் விற்பதற்கு ஊரில் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

நான் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். இது பிள்ளைக்குக் கடினமான ஒன்றைத் தருகிறதா, இல்லை அடுத்த வருடப் பாடத்தை இந்த வருடமே தருகிறதா?

ஒரு வகுப்பைத் தாண்டுவது

டபுள் புரமோஷன் தாத்தா காலத்தில் சகஜம். இன்றைக்கு வயது, வகுப்பு, எமிஸ் எண் (அரசுப் பதிவேட்டில் மாணவரின் எண்) எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள். ஆனால் வகுப்பைத் தாண்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்ற பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் தொடங்கிய ஆய்வு, கணிதத்தில் முந்தி நின்ற பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. சீக்கிரம் மேலே போனவர்கள் பொதுவாக நன்றாகவே இருந்தார்கள்.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீட் எழுத, கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதவே 14 வயது ஆக வேண்டும். மருத்துவம்தான் என்று வீடு முடிவு செய்திருந்தால், எட்டு வயதில் மிச்சம் பிடித்த வருடத்தைப் பதினாறு வயதில் வீட்டில் உட்கார்ந்து செலவழிக்க நேரலாம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: உலகப் போட்டி வரை போகும் கணித ஒலிம்பியாடை வகுப்பு வரம்பு வைத்து நடத்துகிறார்கள். எட்டாவதையோ அதற்கு மேல் ஒரு வகுப்பையோ தாண்டினால் ஒரு வாய்ப்பு போச்சு.

இதையெல்லாம் விட முக்கியமானது, ஆறாம் வகுப்பு சலித்த பிள்ளைக்கு ஏழாம் வகுப்பும் அதே மாதிரியான பாடம்தான். புதுசு என்பதால் ஒரு பருவம் ஓடும், அப்புறம் பழைய கதை. எல்லாப் பாடத்திலும் முந்தியிருக்கிற, பெரிய பிள்ளைகளோடு தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற குழந்தை என்றால் தொடக்கப் பள்ளியிலேயே தாண்ட விடலாம். கணக்கில் மட்டும் சூட்டிகை என்றால் கணக்கு வகுப்புக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். கால அட்டவணை இடிக்கும். ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு உள்ள சின்னப் பள்ளிகளில் இது நடக்கக்கூடியதுதான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பவுண்டேஷன் கோச்சிங்கும் நிஜ ஒலிம்பியாடும்

நடுத்தர வர்க்கத்து வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும்: இரண்டிலும் கணக்கு, இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலி, இரண்டின் முடிவிலும் ஐஐடி என்ற சொல் மின்னும். உள்ளே போனால் நேர் எதிர்.

ஐஐடி, மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்கு அடித்தளம் என்று சொல்லி நடத்தும் பவுண்டேஷன் வகுப்பு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. கட்டணம் வருடத்துக்குப் பல்லாயிரம். அங்கே நடப்பது மேல் வகுப்புப் பாடத்தைக் கீழே இழுத்து வருவது: எட்டாவதில் இருபடிச் சமன்பாடு, ஒன்பதாவதில் முக்கோணவியல், முடிந்தால் கொஞ்சம் நுண்கணிதம். வேகமாகப் போட வேண்டும், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனைக்கும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் ஜனவரி 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில் என்பதால், வகுப்புகள் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கின்றன.

ஒலிம்பியாடில் நுண்கணிதமே தேவையில்லை. எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், சேர்வியல் என நாலே துறை. கேள்வியைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு அறிவு போதும். விடை கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். ஒரு சின்ன உதாரணம்: ஏழு பேர் கூடிய இடத்தில் ஒவ்வொருவரும் சரியாக மூன்று பேருடன் கை குலுக்கினார்களாம். இது நடக்குமா? சூத்திரம் எதுவும் உதவாது. பிள்ளை படம் போட்டுப் பார்க்கும், வராது, இன்னொன்று போடும், வராது. ஒரு கட்டத்தில் ஆளுக்கு மூன்று என்று கூட்டினால் 21 வருகிறது, ஆனால் ஒவ்வொரு கைகுலுக்கலும் இரண்டு பேர் கணக்கில் ஏறுவதால் மொத்தம் இரட்டைப்படையாகத்தானே இருக்க வேண்டும் என்று பொறி தட்டும். "முடியாது" என்பதையே நிரூபிக்கலாம் என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது, முக்கோணவியல் அட்டவணையை இரண்டு வருடம் முன்னாடி மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

படிகள் இப்படி. முதலில் ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வு: 8ஆம் வகுப்பு முதல் எழுதலாம், மூன்று மணி நேரம், 30 கேள்விகள், எல்லா விடையும் 00 முதல் 99 வரை உள்ள எண்கள், வழக்கமாக செப்டம்பரில். தேறினால் ஆர்எம்ஓ என்ற வட்டார ஒலிம்பியாட்: மூன்று மணி நேரத்துக்கு ஆறே கணக்கு, முழு நிரூபணம் எழுத வேண்டும். அதற்கு மேல் ஐஎன்எம்ஓ என்ற தேசிய ஒலிம்பியாட், பிறகு பயிற்சி முகாம். கடைசியில் உலகப் போட்டிக்கு நாட்டிலிருந்து ஆறு பேர். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதன் மையப்புள்ளி. கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசம்.

எட்டாவது வரை காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு வழி உண்டு. 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், அதாவது ஏஎம்டிஐ, நடத்தும் என்எம்டிசி போட்டி. 5, 6ஆம் வகுப்புக்குக் கணித மேதை காஸ் பெயரில், 7, 8க்குக் கப்ரேகர் பெயரில், 9, 10க்குப் பாஸ்கரா பெயரில், 11, 12க்கு ராமானுஜன் பெயரில். கப்ரேகர் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். அவருடைய 6174ஐ இன்று ராத்திரியே வீட்டில் போட்டுப் பார்க்கலாம். நாலு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நாலிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை வைத்து மறுபடியும் அதையே செய்துகொண்டே போனால் ஏழு படிக்குள் 6174இல் வந்து நிற்கும். ஏன் நிற்கிறது என்று கேட்கிற பிள்ளையா, இன்னொரு எண் போடலாமா என்று கேட்கிற பிள்ளையா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்றைக் கேட்டாலே சரி.

ஒலிம்பியாடிலும் குறைகள் உண்டு. நல்ல பயிற்சிப் பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது என்பதால் தமிழ்வழிப் பிள்ளைக்கு முதல் படியே உயரம். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது சென்னையில் ஒரு மாதிரி, சிவகங்கையில் வேறு மாதிரி. ஐஐடி மெட்ராஸின் பிரவர்தக் அறக்கட்டளை நடத்தும் 'அவுட் ஆஃப் தி பாக்ஸ் திங்கிங்' இணைய வகுப்பு இந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இன்னொரு குறை, வகுப்பில் எப்போதும் முதலாக வந்த பிள்ளை இங்கே முதல் முறையாக நூற்றுக்கு இருபது வாங்கும். அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும்.

'பிரயோஜனம் என்ன?' என்று கேட்கும் அப்பாக்களுக்கு: ஐஎன்எம்ஓவில் தேறியவருக்கு, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தில் நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஐஐடி மெட்ராஸும் 2025-26 முதல், ஒலிம்பியாட் பாதையில் கடைசிக் கட்டம் வரை வந்தவர்களுக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு இல்லாமல் சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. பிள்ளை ஜேஇஇ எழுதத்தான் போகிறது என்றாலும், பதினொன்றாம் வகுப்பில் தொடங்கினால் கெட்டுப்போகாது. கணக்கு யோசிக்கத் தெரிந்த பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

பள்ளிகளில் சுற்றறிக்கையாக வரும் தனியார் 'ஒலிம்பியாட்'கள் பெயரில் மட்டும்தான் உறவு. ஒரு மணி நேரத்தில் ஐம்பது கேள்வி, பள்ளிக்குள் முதலாக வந்தாலே பதக்கம். ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், கெடுதல் இல்லை; அலமாரி நிறையும். அபாகஸ் விரல் வேகத்துக்கும் மனக்கணக்குக்கும் நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கும் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' சுத்த மோசடி. மூக்கோரத்து இடுக்கு வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது, அதுவும் அதற்குத் தெரியும்.

கணக்கு ஓடாத பிள்ளை

கேள்வி கேட்டே கொல்லும், செடியைப் பிய்த்துப் பார்க்கும் ரகத்துக்கு இரண்டு வழிகள். இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளிதான் பெயர் அனுப்ப வேண்டும். யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தொகை நல்ல தொகை, ஆனால் யூடியூபில் பார்த்த 'தானியங்கித் தெருவிளக்கு' வருடாவருடம் வேறு வேறு பெயரில் வந்துகொண்டிருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பணம் இல்லை. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை மாதக்கணக்கில் ஆராய்ந்து, தமிழிலேயே அறிக்கை எழுதலாம். தமிழ்நாட்டில் இதை வளர்த்தது துளிர் இதழை 1987 முதல் நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இரண்டில் ஒன்று என்றால் நான் மாநாட்டைத்தான் எடுப்பேன், ஆய்வை ஆசிரியரே எழுதிக் கொடுத்துவிடாத வரைக்கும்.

மொழியில் கெட்டியான பிள்ளையை யாரும் மீத்திறன் என்று எண்ணுவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு மட்டும் விதிவிலக்கு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பணம் முதலில் வேண்டிய வீடு

அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையின் அம்மாவிடம் நிரூபணத்தின் அழகைப் பற்றிப் பேசுவது அபத்தம். அங்கே முதல் இடம் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ்ஸுக்குத்தான்: எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. தமிழ்நாட்டுக்கு வருடம் 6,695 இடம். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை வருடத்துக்கு 1,000 ரூபாய்தான். இந்தக் காலத்தில் அது பேருந்துச் செலவுக்கே காணாது. இருந்தாலும் தேர்வுக்குத் தயாராவதே பயிற்சி என்று எழுத வைக்கலாம்.

மத்திய அரசின் விடுதிப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் இல்லை. மாநில அரசின் மாவட்ட மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன: விடுதியோடு, செலவில்லாமல். வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் பெரிய லாபம், தன்னைப் போலவே இருக்கும் நாலு பேர். ஊரில் 'படிப்ஸ்' என்று கேலி வாங்கியவன் அங்கே சாதாரணப் பையன் ஆகிவிடுவான்.

பெற்றோர் யோசிக்க வேண்டியவை

பிள்ளையின் திறமைக்குக் குடும்பம் கொடுக்கும் விலையைச் சதுரங்கம்தான் வெளிப்படையாகக் காட்டியது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ், நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய அப்பா, மகனோடு போட்டிகளுக்குப் போக வேலையை நிறுத்தி வைத்தார். அது வெற்றி பெற்ற கதை என்பதால் நமக்குத் தெரியும். வெற்றி பெறாத வீடுகளிலும் அதே மாதிரி வேலை போயிருக்கும், கடன் மட்டும் மிச்சம் இருக்கும். அந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எவ்வளவு பணம், எத்தனை வருடம், எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. கூடப் பிறந்த தங்கையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகைப் பிள்ளை எந்தத் தேர்விலும் தேறாது. வாயைத் திறந்தால் பெரியவர் மாதிரி பேசும், நோட்டில் எழுதச் சொன்னால் எழுத்துகள் தலைகீழாகும். "அறிவு இருக்கு, சோம்பேறித்தனம்" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதியிருப்பார்கள். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கலாம். அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். இவர்களுக்கு எந்த ஒலிம்பியாடையும்விட முதலில் வேண்டியது ஒரு முறையான மதிப்பீடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறது. சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு அலையாமல், ஐந்தாவது ஆறாவதிலேயே போய்ப் பாருங்கள்.