ஸ்டார்ட்டர் போச்சு என்று சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்

பாய்மரப் படகில் யான்மார் 2ஜிஎம், 3ஜிஎம் மாதிரி பழைய டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இது. பட்டனை அழுத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏழெட்டுத் தடவை அழுத்தினால் ஒருமுறை பிடிக்கும். இந்தப் புகாரோடு மலாக்கா நீரிணைக் கரையில் ஒரு மரினாவுக்குப் போன படகுக்குப் புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர் இரண்டையும் தலையில் கட்டினார்கள். மூன்றாவது வாரம் அதே "டிக்". கோளாறு கடைசியில் பச்சை பூத்த ஒரு ஒயர் கனெக்டரில் இருந்தது.

ஏமாற்றிய விதத்தைக் கவனியுங்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஸ்டார்ட்டரின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் சேர்த்துத் தொட்டார். மோட்டார் "விர்ர்" என்று தனியாகச் சுற்றியது, இன்ஜின் அசையவில்லை. "பாத்தீங்களா சார், பினியன் தேஞ்சு போச்சு." பினியன் என்பது மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம். பார்க்கிறவர் நம்பத்தான் செய்வார். ஆனால் அந்த இரண்டு போல்ட்டையும் இணைத்தால் மின்சாரம் சோலனாய்டு (ஸ்டார்ட்டரோடு சேர்ந்த மின்காந்த சுவிட்ச்) காயிலைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. காயில் இழுக்காமல் பினியன் முன்னால் வந்து இன்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்காது. பெட்டி பிரிக்காத புது ஸ்டார்ட்டரும் அப்படித்தான் சுற்றும். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பில் ஒன்றுதான்.

சரியான சோதனை வேறு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பெல்ட் பக்கம் கை வேண்டாம், இன்ஜின் பெட்டிக்குள் கேஸ் வாடை இருந்தால் தொடவே கூடாது. பேட்டரி கேபிள் வரும் பெரிய போல்ட்டையும், சோலனாய்டில் மெல்லிய ஒயர் செருகியிருக்கும் சின்னத் தகட்டையும் ஒரு ஒயரால் இணையுங்கள். இன்ஜின் நன்றாகச் சுற்றினால் ஸ்டார்ட்டர், பேட்டரி, தடித்த கேபிள் மூன்றும் சரி. பழுது அந்த மெல்லிய ஒயர் வரும் வழியில்.

அந்த வழி நீளமானது. பேட்டரி கேபிள் வரும் ஸ்டார்ட்டர் போல்ட்டில் கிளம்பி, இன்ஜின் ஹார்னஸ் (ஒயர் கட்டு) வழியாகக் காக்பிட் (படகை ஓட்டும் இடம்) பேனலுக்குப் போய், சாவி, பட்டன் தாண்டி அதே தூரம் திரும்ப வரவேண்டும். நடுவில் பல செருகு கனெக்டர்கள், எல்லாம் உப்புக் காற்றில். சோலனாய்டு முதல் இழுப்புக்குப் பல பத்து ஆம்பியர் கேட்கும். துருப்பிடித்த ஒவ்வொரு கனெக்டரும் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று தின்னும். பேட்டரியில் 12.6 இருந்தாலும் தகட்டுக்கு 8 வோல்ட்தான் வந்து சேரும். புது பேட்டரி மூன்று வாரம் ஓட்டியது ஏன் என்றால், அது கொடுத்த கொஞ்சம் கூடுதல் வோல்ட்தான். துரு இன்னும் கொஞ்சம் ஏறியதும் பழைய கதை.

மல்டிமீட்டரில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, தகட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளக்க வேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஹார்னஸையும் தடித்த கேபிளையும் பாருங்கள். 11க்கு மேலே இருந்தும் "டிக்" மட்டும் கேட்டால் சோலனாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம். தடித்த கேபிளைச் சோதிக்க, பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்தில் மீட்டரின் ஒரு முனை (கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கு அடியில் உள்ள துரு கணக்கில் வராது), ஸ்டார்ட்டர் போல்ட்டில் மறுமுனை. இன்ஜின் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் பக்கமும் (பேட்டரியின் நெகட்டிவ் கம்பம் முதல் இன்ஜின் பிளாக் வரை) இதே அளவு. அதைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு அபாயம். பிடிக்காத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் குளிரூட்டும் பம்ப் கடல்நீரை எக்ஸாஸ்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியேற்ற எக்ஸாஸ்ட் வேகம் இல்லாததால் மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். பிறகு இன்ஜின் "டங்" என்று நின்றுவிடும், அதையும் ஸ்டார்ட்டர் கணக்கில் எழுதுவார்கள். நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடச் சொல்லுங்கள். இன்ஜின் பிடித்த உடனே திறக்காவிட்டால் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகும்.

நிரந்தர வைத்தியம் ஒரு 40 ஆம்பியர் கார் ரிலே (கொஞ்சம் மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்). ரிலேயில் எண் போட்ட முனைகளில், 30க்குப் பேட்டரி கேபிள் வரும் ஸ்டார்ட்டர் போல்ட்டிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒயர், 87 சோலனாய்டு தகட்டுக்கு, 86க்குத் தகட்டிலிருந்து கழற்றிய பழைய ஒயர், 85 பிளாக்குக்கு. 30க்கும் 87க்கும் 4 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசிய ஒயர். ரிலே காயில் கேட்பது கால் ஆம்பியர்கூட இல்லை, ஹார்னஸ் அதைத் தாங்கும்.

கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் படகில் கேட்டபோது, "ஸ்க்ராப்ல போட்டாச்சு சார்" என்றார்கள். போனது பழுதில்லாத ஹிட்டாச்சி ஸ்டார்ட்டர்.