கூடாரமும் கயிறும்: யாழ்ப்பாணத்து வீட்டில் மூன்று ஆண்டுகள்

2022 டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் கணவரின் தமையனார், நாங்கள் கேட்டபடியே பாறையேற்றத்துக்கான பொருட்களை இரண்டு பெட்டிகளில் கொண்டுவந்து தந்தார். இருவர் படுக்கக்கூடிய கூடாரம், 9.8 மில்லிமீற்றர் தடிப்பும் 60 மீற்றர் நீளமும் கொண்ட கயிறு, இரண்டு இடுப்புப் பட்டிகள், கயிற்றைப் பாறை ஆணிகளில் மாட்டும் பன்னிரண்டு சோடிக் கொளுவிகள், காற்றடைக்கும் மெத்தைகள், கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் கிறிகிறி என்னும் கருவி ஆகியவை அவற்றில் இருந்தன. அடுத்த மாதமே அவற்றுடன் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் கர்நாடகத்தின் பாதாமிக்குப் போய், ஏழு வாரங்கள் கூடாரத்திலேயே தங்கினோம். அதன் பின்னர் இரண்டு குறுகிய பயணங்களும், குடாநாட்டுக் கடற்கரையிலுள்ள மணற்காட்டில் சில இரவுகளும் அவற்றுக்கு வேலை கொடுத்தன.

குடாநாட்டில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. கீரிமலையின் பெயரில் மலை இருந்தாலும் அங்கே இருப்பவை கேணியும் கடலும்தான். மற்றபடி எங்கள் நிலம் தட்டையான சுண்ணாம்புக்கல். இங்கே உயரம் ஏறிப் பிழைத்தவர்கள் தளைநாரைக் காலில் மாட்டிப் பனையில் ஏறியவர்களே, அவர்களுக்குக் கொளுவியும் இல்லை, கீழே கயிறு பிடிக்க ஆளும் இல்லை. ஆகவே எங்களுடைய பொருட்கள் ஆண்டில் ஐந்தாறு வாரங்கள் பாறையிலும் மிகுதிக் காலம் முழுவதும் யாழ்ப்பாணத்து வீடொன்றிலும் கழிக்கின்றன. வெளிநாட்டவர் எழுதும் மதிப்புரைகளில் இந்த இரண்டாவது பகுதி பற்றி எதுவும் இருப்பதில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பாதாமியின் பாறை செம்மணற்கல். விரல் நுனிகள் பொருந்தும் கிடைவிளிம்புகள் நிறைந்தது, முன்கூட்டியே ஆணி பதித்த வழிகள் பல உள்ளன. ஜனவரியில்கூட வெயில் விழும் முகத்தில் பதினொரு மணிக்குப் பின் கை வைக்க முடியாது. நிழலைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்தோம். அந்தச் சிவப்புத் தூசு கயிற்றின் உறைக்குள் புகுந்து, முதல் வாரத்திலேயே நீல நிறத்தை மண்ணிறமாக்கிவிட்டது. தூசு படிந்த கயிறு அரம்போல வேலை செய்யும். அது ஓடிய அலுமினியக் கொளுவிகளில் தடம் விழத் தொடங்கியது. நிலத்தில் ஒரு பழைய சேலையை விரித்து, அதன்மேல் மட்டுமே கயிற்றைக் குவிக்கத் தொடங்கிய பின் தேய்வு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. இந்த ஊர்தான் பழைய வாதாபி என்பதும், கி.பி. 642 இல் அதைப் பிடித்த பல்லவன் நரசிம்மவர்மனின் வெற்றியைக் கூறும் கல்வெட்டு அங்குள்ள பாறையொன்றிலேயே இருப்பதும் எங்களுக்குப் போன பிறகுதான் தெரியும். கைத்தோல் உரிந்து ஏற முடியாதிருந்த ஒரு நாளில் அதைப் போய்ப் பார்த்தோம்.

கிறிகிறியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அது 8.5 முதல் 11 மில்லிமீற்றர் வரையான கயிறுகளை ஏற்கும். மேலே இருப்பவர் விழுந்தால் கயிற்றை நெரித்துப் பிடித்துவிடும். ஆனால், கருவி பிடிக்கும் என்று நம்பி, கீழே நிற்பவர் கருவியின் மறுபக்கம் வரும் கயிற்றிலிருந்து கையை எடுக்கக்கூடாது. எங்கள் சிக்கல் வேறு. என் கணவர் 81 கிலோ, நான் 54. அவர் விழுந்த முதல் தடவை நான் நிலத்திலிருந்து கிளம்பி முதலாவது கொளுவிக்கு அருகில் போய்த் தொங்கினேன். அதன்பின் என் இடுப்புப் பட்டியைச் சற்றுத் தொய்வுடன் பின்னாலிருந்த ஒரு பெரிய கல்லில் கட்டிக்கொண்டே கயிறு பிடித்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் மொழியில் வந்தது. கயிற்றைத் தளர்த்துவதற்கு நாங்கள் வைத்திருந்த சொல் “விடுங்கோ”, இறுக்குவதற்கு வைத்திருந்த சொல் “எடுங்கோ”. இருபது மீற்றர் உயரத்தில் காற்றடிக்கும்போது இரண்டுமே “டுங்கோ” என்று மட்டும் கேட்கும். இறுக்கச் சொன்னதைத் தளர்த்தச் சொன்னதாக எண்ணி அவர் ஒரு முழக் கயிற்றை வெளியே விட்ட அன்று, கீழே இறங்கியதும் நாங்கள் இருவரும் கதைத்த கதையை இங்கே எழுத முடியாது. மறுநாளிலிருந்து தளர்த்துவதற்குக் “கயிறு” என்றும் இறுக்குவதற்கு “இறுக்கம்” என்றும் மாற்றிக்கொண்டோம். மரியாதை விகுதி போய்விட்டது, குழப்பமும் போய்விட்டது.

கூடாரம் அந்த ஏழு வாரமும் நன்றாகவே நின்றது. ஒரு விவசாயியின் காணி ஓரத்தில் அவருடைய அனுமதியுடன் அடித்திருந்தோம். குரங்குகள் ஒருமுறை வாழைப்பழ வாசனைக்கு வலைக்கதவைக் கிழித்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. மெத்தையில் நெருஞ்சி முள் ஏறியதற்கு, கையோடு கொண்டுபோயிருந்த சைக்கிள் ஒட்டுப் பெட்டியே போதுமாக இருந்தது. சமையலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஆகவே அந்த வீட்டு அடுப்பில் சமைத்து, அதற்குப் பணம் கொடுத்தோம்.

கூடாரம் கெட்டது யாழ்ப்பாணத்தில்தான். 2024 மாரி முழுவதும் அது இறுகச் சுற்றிய பையில், அலுமாரியின் மேல் இருந்தது. 2025 ஜனவரியில் விரித்தபோது புளித்த வாசனை எழுந்தது, அடித்தளத்தின் உட்புறம் கையில் பிசுபிசுவென ஒட்டியது. பொலியூரித்தேன் பூச்சு ஈரப்பதனால் மெல்ல மெல்லச் சிதைவதன் அடையாளம் அது. தொடங்கிவிட்டால் திருத்துவது கடினம். கழுவினால் மணம் குறையும், பூச்சு திரும்பி வராது. தயாரிப்பாளருக்கு எழுதினோம், “வழமையான தேய்வு” என்று பதில் வந்தது. மூன்று ஆண்டு முடிவதற்குள், மொத்தமாக எண்பது இரவுகூடப் பாவிக்காத பொருளுக்கு அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் தவறில் பாதி எங்களுடையது. பையிலிருந்து எடுத்து, பருத்தித் துணி உறையொன்றில் தளர்வாகப் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்திருக்க வேண்டும். இனி வாங்குவதானால் மேல்விரிப்பாவது சிலிக்கோன் பூச்சுள்ளதாகப் பார்த்து வாங்குவேன். அது ஈரத்துக்கு இவ்வளவு எளிதில் பணிவதில்லை.

மணற்காட்டுக்குக் கொண்டுபோனதன் விலையையும் சொல்ல வேண்டும். சோளகக் காற்றில் முளைகள் மணலில் நிற்காததால், உரப்பைகளில் மணல் நிரப்பிப் புதைத்து, அவற்றில் கூடாரத்தின் கயிறுகளைக் கட்டினோம். அந்த வழி பலித்தது. ஆனால் உப்புக் காற்று பட்ட கூடாரக் கதவின் சிப்புகள் இரண்டு மாதத்தில் இறுகின, அலுமினியக் கொளுவிகளின் வாய்களில் வெள்ளைத் தூள் பூத்தது. கொளுவிகளை வெந்நீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, மெழுகு சேர்ந்த உலர் எண்ணெய் இட்டபின் எல்லாம் சீராகின. கூடாரத் துணியைக் கழுவும்போது மட்டும் கடைசி அலசலுக்கு மழைநீரை எடுத்துவையுங்கள். கேத்திலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு, எங்கள் கிணற்று நீரில் அலசிக் காய்ந்த துணியிலும் வெள்ளையாகப் படிந்தது.

கயிற்றின் கதைதான் எனக்கு இன்னும் மனத்தில் உறுத்துகிறது. பாதாமித் தூசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாமான் அறையில் வைத்திருந்தோம். உறையில் ஒரு நூல்கூடப் பிசிறவில்லை, எங்கே வளைத்தாலும் உள்ளே மென்மையான இடம் தட்டுப்படவில்லை. சென்ற ஆண்டு அறையைத் துப்புரவாக்கியபோது, கயிற்றுப் பைக்குப் பக்கத்திலேயே, 2022 மின்வெட்டுக் காலத்தில் விளக்கு எரிக்க வாங்கிய பழைய கார் பற்றறி கசிந்தபடி இருந்ததைக் கண்டோம். பற்றறி அமிலமும் அதன் ஆவியும் நைலோனைப் பலவீனமாக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாமலிருக்கலாம், வீட்டில் சோதித்து அறியவும் வழியில்லை. அவர் ஒரு முனையை மட்டும் வெட்டிவிட்டுப் பாவிக்கலாமே என்றார். அதில் தொங்கப்போவது 81 கிலோ என்று நினைவூட்டினேன்.

இப்போது அது நான்கு துண்டுகளாகி, மாமியின் வீட்டுப் பின்முற்றத்தில் உடுப்புக் கொடியாக இருக்கிறது. கொடி தொய்கிறது என்று மாமிக்கு முறைப்பாடு. பற்றறி வீட்டை விட்டுப் போய்விட்டது. புதிய கயிறு வந்தால் எங்கள் படுக்கை அறையில், சாளரத்திலிருந்து விலகிய கொக்கியில், துணிப் பைக்குள் தொங்கும்.